குடம் கம்பெனி செண்பகம்

செண்பகத்துக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. நடவு நடவும் கடலைக் காட்டில் மல்லாட்டை பிடுங்கவும் போய்க்கொண்டிருந்தாள். காட்டு வேலை இல்லாத மாசங்களில் வீட்டில் அடுப்பு எரிவது கஷ்டம். அந்தச் சமயத்தில்தான், 1993-ல், திண்டிவனத்திலிருந்து பாண்டிச்சேரி போகிற சாலையில், கிளியனூருக்குக் கொஞ்சம் முன்னால், தகரக் கூரை போட்ட கொட்டகை ஒன்றில் பிளாஸ்டிக் குடம் செய்கிற கம்பெனி ஆரம்பித்தது. அவள் புருஷன் வீரமுத்து அங்கே மூட்டை இறக்கும் வேலைக்குச் சேர்ந்தான். அடுத்த மாதம் அவளும் போய் வாசலில் நின்றாள்.

ஒரே ஒரு மிஷின். அதன் வாயிலிருந்து உருகிய பிளாஸ்டிக் குழாயாகத் தொங்கும். அச்சு இரண்டு பக்கமிருந்தும் வந்து அதைக் கவ்விக்கொள்ளும். உள்ளே காற்றை ஊதினால் குழாய் உப்பிக் குடமாகிவிடும். அச்சு திறந்ததும் சூட்டோடு சூடாக வாங்கி, கழுத்திலும் அடியிலும் பிதுங்கி நிற்கிற விளிம்பைக் கத்தியால் சீவி எறிய வேண்டும். ஆறிவிட்டால் சீவ வராது. அதுதான் பெண்களுக்கான வேலை. ஆரம்பத்தில் செண்பகத்தின் விரல் நுனியெல்லாம் கொப்புளம். சோறு பிசைய முடியாமல் கரண்டியால் சாப்பிட்டாள்.

முதலாளி சீனுவாசன் விழுப்புரத்துக்காரர். அப்பா ரயில்வேயில் பாயின்ட்ஸ்மேன். டிப்ளமோ படித்துவிட்டு, கிண்டியில் அரசாங்கம் நடத்திய பிளாஸ்டிக் பயிற்சியும் முடித்து, பேங்க் கடனில் மிஷின் வாங்கியவர். பேசப் பிடிக்கும் அவருக்கு. கேட்பதற்கு ஆள் கிடைத்தால் டீ ஆறிப்போவதுகூடத் தெரியாது.

மூட்டையைப் பிரித்தபோது வெள்ளை வெளேரென்று குருணை கொட்டியதைப் பார்த்துச் செண்பகம் கேட்டாள்: "இன்னா சார் இது, ஜவ்வரிசி மாதிரி கீது?"

"ஜவ்வரிசி இல்லம்மா, மண்ணெண்ணெய்க்கு அண்ணன் தம்பி" என்றார் சீனுவாசன். "பூமியிலேருந்து எடுக்கற கச்சா எண்ணெயிலதான் பெட்ரோல், டீசல், உன் ஸ்டவ்வுக்கு ஊத்தற மண்ணெண்ணெய் எல்லாம் வருது. அதே எண்ணெயிலேருந்து இன்னொன்னைப் பிரிச்சு, காய்ச்சி, கடைசியில இந்தக் குருணையா ஆக்கறாங்க. குஜராத்துல நம்ம கவர்மென்ட் கம்பெனி செய்யுது."

"கவர்மென்டு குடம் கூடவா செய்யுது?"

"குடம் நாமதான் செய்யணும். அது குருணை கொடுக்கும். அவ்ளோ பெரிய பேக்டரி கட்ட அந்தக் காலத்துல தனியார் யாரும் துணியல. கவர்மென்டே கட்டுச்சு. இல்லாட்டி இதையும் கப்பல்லதான் இறக்கணும், டாலர் கொடுக்கணும். ரெண்டு வருஷம் முன்னாடி டாலர் இல்லாம நாடே தங்கத்தை அடகு வச்சுது, தெரியுமில்ல? அங்க ஒரு பேக்டரி. அதை நம்பி நாடு பூரா என்னை மாதிரி சின்ன கம்பெனிங்க. பைப்பு, கயிறு, பக்கெட்டு, விவசாயி சொட்டுத் தண்ணி வுடற டியூபு, எல்லாத்துக்கும் சரக்கு அங்கேருந்துதான் வரணும்."

செண்பகத்துக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் அந்த மூட்டை மேல் அச்சடித்திருந்த இந்தி எழுத்துகளை அதற்கப்புறம் அவள் மரியாதையோடு பார்த்தாள். எங்கேயோ கண்காணாத ஊரில் அரசாங்கம் காய்ச்சுகிற சரக்கு, தன் கையில் குடமாகி, கிளியனூர் குழாயடியில் வரிசையில் நிற்கிறது. நாலு கிலோ பித்தளைக் குடத்தை இடுப்பில் தூக்கிக்கொண்டு வயல் வரப்பில் நடந்தவர்கள், இப்போது ஒரு கையில் ஒன்றாக இரண்டு குடம் வீசிக்கொண்டு போகிறார்கள். அதைப் பார்க்க அவளுக்குப் பிடித்திருந்தது.

அந்த அரசாங்கக் கம்பெனியின் மெட்ராஸ் ஆபீஸிலிருந்து ஒரு தடவை அதிகாரி ஒருவர் பஸ்ஸில் வந்து இறங்கினார். குடத்தின் அடி விரிசல் விடுகிறது என்று சீனுவாசன் எழுதிப் போட்டிருந்தார். வந்தவர் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, பனியனோடு மிஷின் பக்கத்தில் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து சூட்டைக் கூட்டியும் குறைத்தும் சரிசெய்து கொடுத்துவிட்டுப் போனார். எல்லாமே இப்படி நல்லபடியாக இருந்ததென்று சொல்ல முடியாது. சரக்கு சொன்ன தேதிக்கு வராது. ஒதுக்கீடு கேட்டு மெட்ராஸ் ஆபீஸில் காத்துக் கிடந்துவிட்டு வரும்போதெல்லாம் சீனுவாசன் திட்டிக்கொண்டேதான் வருவார். மிஷின் நின்று கிடக்கும் நாட்களில் பெண்கள் கொட்டகைக்குள் உட்கார்ந்து பேன் பார்ப்பார்கள். ஆனாலும் சின்னக் கம்பெனி என்று தள்ளாமல், இருக்கிற சரக்கில் ஒரு பங்கு அவருக்கும் வந்துகொண்டிருந்தது. விலை திடீரென்று மாறாது.

1994-ல் செண்பகத்துக்குப் பெண் குழந்தை பிறந்தது. வீரமுத்து ஆசையாகத் தமிழ்மொழி என்று பெயர் வைத்தான். பெண்ணுக்கு நாலு வயசாகும்போது, சைக்கிளில் சாலையைத் தாண்டியவனை பஸ் அடித்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது.

காரியம் முடிகிற வரைக்கும் சீனுவாசன் கூடவே நின்றார். பந்தல் போட்டதிலிருந்து எல்லாச் செலவும் அவருடையது. செண்பகம் வேலைக்குத் திரும்பியபோது அவளைச் சீவுகிற பலகைக்கு அனுப்பவில்லை.

"மிஷின்ல நில்லு" என்றார். "நான் கத்துத் தரேன்."

"பொம்பளைங்க நிக்க மாட்டாங்களே சார்?"

"நின்னா ஆச்சு. ஆபரேட்டருக்குச் சம்பளம் ஜாஸ்தி. பொண்ணைப் படிக்க வைக்கணும் நீ."

அப்படித்தான் அந்தச் சாலையில் பிளாஸ்டிக் மிஷின் ஓட்டிய முதல் பெண் ஆனாள் செண்பகம். சத்தத்தை வைத்தே சூடு சரியா இல்லையா என்று சொல்லிவிடுவாள். வீரமுத்துவின் தங்கை தேவகி பக்கத்துத் தெருவில்தான் குடியிருந்தாள். புருஷன் விட்டுவிட்டுப் போனவள். செண்பகம் கம்பெனியில் இருக்கும் நேரத்தில் தமிழ்மொழியைத் தேவகிதான் தன் மகள் துர்காவோடு சேர்த்துப் பார்த்துக்கொண்டாள். துர்கா தமிழ்மொழியைவிட ஆறு வயசு பெரியவள். சின்னதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டே பாண்டி ஆடுவாள்.

2002-ல் ஒரு நாள் காலை சீனுவாசன் பேப்பரைக் கையில் பிடித்தபடியே கொட்டகைக்குள் வந்தார்.

"வித்துட்டாங்க" என்றார்.

"எதை சார்?"

"கவர்மென்ட் கம்பெனியை. கவர்மென்டுக்கு இனிமே வியாபாரம் வேணாமாம்."

உடனே ஒன்றும் ஆகிவிடவில்லை. மூட்டையில் எழுத்து மாறியது, அவ்வளவுதான். ஆனால் வருஷம் போகப்போக கச்சா எண்ணெய் ஏற ஏற குருணை விலையும் மாதத்துக்கு இரண்டு தடவை ஏறியது. மெட்ராஸ் ஆபீஸில் உட்கார்ந்து சண்டை போட்டு வாங்கி வந்த பங்கு போய், நடுவில் ஏஜென்ட் வந்தான். முழு லோடு எடுப்பவனுக்கு ஒரு விலை, பத்து மூட்டை கேட்பவனுக்கு ஒரு விலை. குடத்தின் விலையையோ சீனுவாசனால் ஏற்ற முடியவில்லை. சென்னையிலிருந்து பெரிய கம்பெனிக் குடம் அதைவிடக் குறைச்சலாக வந்து இறங்கியது. அவர் பேச்சைக் குறைத்துக்கொண்டார். நெஞ்சுவலி என்று இரண்டு தடவை பாண்டிச்சேரிக்குப் போய்வந்தார்.

2005 வாக்கில் கம்பெனிக்குப் பின்னால் இன்னொரு கொட்டகை எழும்பியது. பழைய பிளாஸ்டிக்கை வாங்கி, கழுவி, நறுக்கி, அரைத்து, புதுக் குருணையோடு கலப்பதற்கு. அதைப் பார்த்துக்கொள்ள சுகுமார் என்று ஒருவனை வைத்தார். வானூர்ப் பக்கத்து ஆள். எங்கெங்கிருந்தோ சரக்குப் பிடிப்பான். உடைந்த நாற்காலி, எண்ணெய் கேன், பேக்டரிகளில் கழித்துவிட்ட நீலநிற டிரம் என்று லாரி லாரியாக வந்தது. குடத்தின் நிறம் கறுப்புக்கும் கரும்பச்சைக்கும் மாறியது. மற்ற நிறத்தில் அழுக்கு தெரியும்.

ஒரு தடவை பூச்சிமருந்து கேன்களைப் பார்த்துவிட்டுச் செண்பகம் நேராகப் போய்ச் சொன்னாள். "சார், இதுல தண்ணி ஊத்திக் குடிப்பாங்க."

"சித்தாளுங்க கலவை தூக்கற பாண்டுக்குத்தான் இது. குடத்துக்குப் போவாது" என்றார் சீனுவாசன், அவள் முகத்தைப் பார்க்காமல்.

குடத்துக்கும் போனது. அவள்தான் மிஷினில் நிற்கிறவள், அவளுக்குத் தெரியாதா? அப்போது வேலையை விட்டிருக்கலாம். தமிழ்மொழி ஏழாவது படித்துக்கொண்டிருந்தாள். செண்பகம் விடவில்லை. தன் வீட்டுக்கு மட்டும் அந்தக் குடத்தை எடுத்துப் போகாமல் இருந்தாள்.

துர்கா பன்னிரண்டாவது முடித்து, டீச்சர் பயிற்சிக்கு இடம் கிடைக்காமல் வீட்டில் இருந்தாள். தேவகிதான் கேட்டாள்: "அண்ணி, உங்க கம்பெனியில இவளைச் சேர்த்து வுடேன். வூட்டுல உக்காந்துக்கினு என்னை வெறிச்சு வெறிச்சுப் பார்க்குது." செண்பகம் சேர்த்துவிட்டாள். சீவுகிற பலகையில் வேலை. கழுத்தில் துப்பட்டாவை இறுக்கி முடிச்சுப் போட்டுக்கொண்டு, சினிமாப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே சீவுவாள் துர்கா. மத்தியானம் மற்ற பெண்களுக்குப் பேப்பரில் வந்த ராசிபலனை வாசித்துக் காட்டுவாள். நல்லதை மட்டும்தான் வாசிப்பாள். கெட்டதாக இருந்தால் தானே மாற்றிச் சொல்லிவிடுவாள்.

2008 கோடை. ஊரெல்லாம் தண்ணீர் லாரி ஓடிக்கொண்டிருந்தது. குடத்துக்குப் பெரிய ஆர்டர் வந்தது. அன்று காலை ஒரு லாரி நிறைய நீல டிரம்கள் வந்து இறங்கின. செண்பகம் வாசலைத் தாண்டும்போதே மூக்கில் ஏறியது, பெயின்டுக்குக் கலக்குகிற தின்னர் வாடை. அந்த மாதிரி டிரம் வந்தால் மூடியைத் திறந்து, தண்ணீர் விட்டு அலசி, சில நாள் வெயிலில் கிடத்திய பிறகுதான் அறுப்பது வழக்கம்; உள்ளே ஆவி தங்கினால் ரம்பத்தின் பொறியில் பிடித்துக்கொள்ளும்.

அவள் ஆபீஸ் அறைக்குப் போனாள். "சார், டிரம்முல வாடை அடிக்குது. காய வைக்கணும்."

சீனுவாசன் போனில் இருந்தார். போனின் வாயைக் கையால் மூடிக்கொண்டு, "நாளைக்கு லோடு போவணும் செண்பகம். தண்ணி ஊத்திட்டு ஜல்தியா அறுக்கச் சொல்லு சுகுமாரை" என்றார்.

அவள் சுகுமாரிடம் வாடையைப் பற்றிச் சொன்னாள். அவன் சரி சரி என்றான். அவள் மிஷினுக்குப் போய்விட்டாள்.

டிரம்மைப் பிடித்துக்கொள்ள அன்று ஆள் வரவில்லை. சுகுமார் முன் கொட்டகைக்கு வந்து, கையில் வேலை இல்லாமல் நின்ற துர்காவைக் கூப்பிட்டுக்கொண்டு போனான். செண்பகம் திரும்பிப் பார்த்தபோது துர்காவின் முதுகு மட்டும் தெரிந்தது. மின்சார ரம்பம் ஓடுகிற சத்தம் கேட்டது. பிறகு வெடித்தது. கொட்டகைத் தகரமெல்லாம் அதிர்ந்து அடங்கியது. அவள் ஓடிப் போனபோது துர்கா நின்றுகொண்டுதான் இருந்தாள். நெருப்போடு நின்றுகொண்டிருந்தாள். அத்தை என்று கூப்பிட்டாள்.

சுகுமாருக்குக் கை இரண்டும் வெந்திருந்தது, பிழைத்துக்கொண்டான். துர்கா பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் போய்விட்டாள். அந்த மூன்று நாளும் தேவகி வராந்தாவில் தரையிலேயே கிடந்தாள். செண்பகம் பக்கத்தில் போய் உட்கார்ந்தால் எழுந்து வேறு இடத்துக்குப் போனாள்.

அடக்கம் முடிந்த மறுநாள் மத்தியானம் சீனுவாசன் செண்பகத்தின் வீட்டுக்கு வந்தார். செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தார். ஒரு வாரத்தில் பத்து வயசு கூடியிருந்தது.

"போலீசுல உன்னைத்தான் கேப்பாங்க" என்றார். "அந்தப் பொண்ணு யார்கிட்டயும் சொல்லாம அலசாத டிரம்மைத் தானாவே எடுத்தாந்து வச்சுடுச்சுன்னு சுகுமார் சொல்லியிருக்கான். நீயும் அப்படியே சொல்லிடு."

செண்பகம் பாயை எடுத்து அவர் பக்கம் தள்ளினாள்.

"எனக்காகக் கேக்கல. கம்பெனி மூடினா பதினஞ்சு பொம்பளைங்க எங்க போவாங்க? நீ எங்க போவ? தேவகிக்கு நான் ஆயுசுக்கும் செய்வேன். போனவளை நம்மால கொண்டாந்துட முடியுமா?"

"தண்ணி குடிக்கிறீங்களா சார்?" என்று கேட்டாள் செண்பகம். அவருக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. குடித்துவிட்டுப் போனார். அவள் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை.

மறுநாள் ஸ்டேஷனில் அவள் நடந்ததைச் சொன்னாள். வாடை அடித்தது, முதலாளியிடம் சொன்னது, அவர் சொன்ன பதில், சுகுமார் வந்து கூப்பிட்டது. தான் மிஷினுக்குத் திரும்பிப் போனதையும் சொன்னாள். எழுதிக்கொண்டிருந்த போலீஸ்காரர், அது தேவையில்லை என்றார். "எழுதிக்குங்க சார்" என்றாள்.

கம்பெனிக்குச் சீல் வைத்தார்கள். அதற்கப்புறம் திறக்கவில்லை. கூட வேலை பார்த்த வெள்ளையம்மாள் குழாயடியில் எல்லாரும் பார்க்க அவளை மறித்தாள். "செத்தவ செத்துட்டா. இருக்கறவங்க வாயில ஏண்டி மண்ணைப் போட்ட? மிஷினு ஓட்டினியே, அந்தத் திமிரா?" செண்பகம் குடம் நிறையாமலே எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். வெள்ளையம்மாள் வீட்டில் படுத்த படுக்கையாக மாமியார் இருப்பது அவளுக்குத் தெரியும்.

அதைவிட வலித்தது தமிழ்மொழி கேட்டது. "நீ சும்மா இருந்திருக்கலாம் இல்லம்மா?" பதினாலு வயசுப் பெண், பள்ளிக்கூடத்தில் எல்லாரும் தள்ளி உட்காருகிறார்கள் என்று அழுதுகொண்டே கேட்டாள்.

"துர்கா தப்பு பண்ணிட்டா, அதான் செத்தான்னு ஊரு சொல்லணுமா?" என்றாள் செண்பகம். பெண் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அந்தச் சாலையில் வேறு எந்தக் கம்பெனியும் செண்பகத்தை எடுக்கவில்லை. போலீசுக்குப் போகிறவள் என்று பேர். மிஷின் ஓட்டத் தெரிந்த கை திண்டிவனத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் அண்டா தேய்த்தது. முகூர்த்தம் இல்லாத மாதங்களில் நூறு நாள் வேலைக்குப் போனாள். அங்கேயும் வெள்ளையம்மாள் இருந்தாள், முதுகைக் காட்டிக்கொண்டு மண் வெட்டினாள். தமிழ்மொழி பன்னிரண்டாவதோடு நின்று ஜவுளிக்கடையில் சேர்ந்தாள். பிறகு வானூரில் ஒரு மேஸ்திரிக்கு அவளைச் செண்பகம் கட்டிக் கொடுத்தாள். தேவகி கல்யாணத்துக்கு வரவில்லை.

கேஸ் ஆறு வருஷம் இழுத்தது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் தேவகி திண்டிவனம் கோர்ட்டுக்கு வந்து ஒரு மூலையில் நிற்பாள். செண்பகம் இன்னொரு மூலையில் நிற்பாள். கடைசியில் செண்பகத்தைக் கூண்டில் ஏற்றினார்கள். சீனுவாசனின் வக்கீல் நல்ல பேச்சுக்காரர்.

"உங்க புருஷன் செத்தப்போ காரியத்தை எடுத்துச் செஞ்சது யாரு?"

"மொதலாளிங்க."

"பொம்பளைக்குக் கொடுக்காத ஆபரேட்டர் வேலையை உங்களுக்குக் கொடுத்தது?"

"அவருதாங்க."

"உங்க பொண்ணு படிச்சது அந்தச் சம்பளத்துல. இவ்வளவு செஞ்சவர் மேல அபாண்டமா இப்படிச் சொல்றீங்களே, உங்களுக்கே நியாயமா இருக்கா?"

"அதெல்லாம் செஞ்சாருங்க" என்றாள் செண்பகம். "இதையும் செஞ்சாருங்க."

சீனுவாசன் தலையைக் குனிந்துகொண்டார்.

2014-ல் தீர்ப்பு வந்தது. சீனுவாசனுக்கு ஒரு வருஷம் ஜெயில், அபராதம். சுகுமார் சாட்சி போதாமல் விடுதலை. அப்பீல் போடுவதாகச் சொல்லி சீனுவாசனையும் அன்றைக்கே ஜாமீனில் விட்டுவிட்டார்கள். ஜெயிலுக்கு அவர் போகவேயில்லை. அப்பீல் எடுப்பதற்குள் நெஞ்சுவலியில் இறந்துபோனார் என்று பின்னால் செண்பகத்துக்குத் தெரிந்தது.

தீர்ப்பு வந்த அன்று கோர்ட்டு வாசலில் அவர் அவளைப் பார்த்து நின்றார். கூட வந்த தம்பி கையைப் பிடித்து இழுத்தும் நகரவில்லை.

"கவர்மென்ட் கம்பெனியை விக்காம இருந்திருந்தா நான் அந்தக் குப்பைக்குப் போயிருக்கவே மாட்டேன், செண்பகம்" என்றார். "உனக்குத் தெரியும். அப்போ நாம எப்படிக் குடம் செஞ்சோம்!"

அவளுக்குத் தெரியும். ஜவ்வரிசி மாதிரிக் கொட்டிய குருணையும், பனியனோடு உட்கார்ந்திருந்த அந்த அதிகாரியும் அவளுக்கு மறக்கவில்லை. அவர் சொல்வதில் பொய் இல்லை என்றும் தெரியும். அதுதான் அவளுக்கு அழுகையை வரவழைத்தது.

"கம்பெனியைக் கவர்மென்டு வித்துச்சு, சரிங்க" என்றாள். "வாடை அடிக்குதுன்னு நான் உங்ககிட்டதானே சார் வந்து சொன்னேன்?"

அவர் தம்பியோடு காருக்குப் போய்விட்டார்.

பாண்டிச்சேரி பஸ்ஸில் நல்ல கூட்டம். செண்பகம் ஏறும்போது தேவகி ஏற்கெனவே ஜன்னலோரத்தில் இருந்தாள். செண்பகம் பார்க்காதவள் மாதிரி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பஸ் ஊரைத் தாண்டியதும் தேவகி பக்கத்து இடத்தில் வைத்திருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"உக்காரு அண்ணி."

செண்பகம் உட்கார்ந்தாள். ஆறு வருஷத்தில் தேவகி அவளிடம் பேசிய முதல் பேச்சு அது. தேவகி வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். ரொம்ப தூரம் போனதுக்கப்புறம் கேட்டாள்.

"அன்னிக்கு நான் வெடியக்காலையிலயே களையெடுக்கப் போயிட்டேன். அவ எதுனா சாப்ட்டாளா?"

"டீயும் பொறை ரொட்டியும் சாப்ட்டா" என்றாள் செண்பகம். "இட்லி வாங்கியாறவான்னு கேட்டேன். வேணாம் அத்தை, மத்தியானம் சேர்த்து சாப்டுக்கறேன்னுட்டா."

தேவகி தலையை ஆட்டினாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கிளியனூர் வந்ததும் இருவரும் இறங்கி, தெரு பிரிகிற இடம் வரைக்கும் சேர்ந்து நடந்தார்கள்.

அதற்கப்புறம் பழைய மாதிரி ஆகிவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. தேவகி செண்பகத்தின் வீட்டுக்குள் காலடி வைக்கவில்லை. ஆனால் வருஷா வருஷம் துர்காவுக்குப் படைக்கிற அன்றைக்குத் தெரு முனையில் வந்து நின்று, "அண்ணி, வா" என்று கூப்பிடுவாள். செண்பகம் மண்டபத்துக்கு லீவு சொல்லிவிட்டுப் போவாள்.